வானத்துக்கு வாங்கிய தொலைநோக்கியில் பறவை பார்க்கலாமா?

பிப்ரவரி 9, கேள்வி

என்னிடம் 80 மி.மீ. விட்டம், 400 மி.மீ. குவியத் தூரம் உள்ள சின்ன லென்ஸ் தொலைநோக்கி இருக்கிறது. நிலா, வியாழன், சனி எல்லாம் பார்த்தாகிவிட்டது. மேகமூட்டமான நாட்களில் சும்மா கிடக்கிறது. ஜன்னலுக்கு எதிரே ஒரு பட்டமரத்தில் மரங்கொத்தி பொந்து குடைந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்கலாம் என்றால், “இது நட்சத்திரத்துக்கு மட்டும்தான், பறவைக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கு, இதில் தலைகீழாகத்தான் தெரியும்” என்கிறார்கள். உண்மையா?

பிப்ரவரி 9, இரவு

பாருங்கள். தாராளமாகப் பார்க்கலாம். தலைகீழ் என்பது இருக்கிற தொல்லைகளிலேயே சின்னது. புதிதாக எதையும் வாங்க வேண்டாம், குறைந்தபட்சம் இந்த மரங்கொத்தி குஞ்சு பொரித்து முடிக்கும் வரை.

25 மி.மீ. ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ், போடுங்கள். 400-ஐ 25-ஆல் வகுத்தால் 16 மடங்கு. அதில் தொடங்குங்கள். பொந்து கிடைத்த பிறகு 10 மி.மீ. போட்டால் 40 மடங்கு. 20 மீட்டரில் இருக்கும் பறவை அரை மீட்டரில் இருப்பதுபோல் தெரியும். அதற்கு மேல் போக வேண்டிய அவசியம் பகலில் அநேகமாக வராது.

பிப்ரவரி 10, காலை

தலைகீழ் பற்றி ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள், எல்லோரும் சொல்வது பாதிப் பாதி சரி. எந்தத் தொலைநோக்கி, அதில் என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

லென்ஸ் தொலைநோக்கியில் ஐபீஸை நேராக மாட்டினால் படம் 180 பாகை திரும்பியிருக்கும். மேல் கீழாக, இடம் வலமாக. நிலா பார்க்கும்போது மாட்டுகிற அந்த 90 பாகைக் கண்ணாடி, அதாவது ஸ்டார் டயகனல், போட்டால் பறவை நேராக நிற்கும், ஆனால் இடவலம் மாறியிருக்கும். முகக்கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. உங்களிடம் டயகனல் இருக்கிறது என்றால் பிரச்சினை பாதி தீர்ந்தது. மரங்கொத்தி மரத்தின் இடப்பக்கம் இருந்தால் என்ன, வலப்பக்கம் இருந்தால் என்ன?

முழுக்க நேராக வேண்டுமென்றால் அமிசி பிரிசம் வைத்த டயகனல் கிடைக்கிறது. பெரும்பாலும் 45 பாகை வளைவில் வரும். பகலில் உட்கார்ந்து பார்க்க அந்தக் கோணம்தான் கழுத்துக்கு வசதி. இரவில் தலைக்கு மேலே பார்க்க அதே 45 பாகை கழுத்தைக் கொன்றுவிடும், அப்புறம் பிரகாசமான கிரகத்தின் குறுக்கே பிரிசத்தின் விளிம்பால் ஒரு ஒளிக்கோடும் விழும். ஆகவே பகலுக்கு அது, இரவுக்குக் கண்ணாடி டயகனல்.

பிப்ரவரி 10, மதியம்

ஒருவர் வரலாறு கேட்டார். 1609 ஆகஸ்டில் கலீலியோ வெனிஸ் பெரியவர்களுக்குத் தன் தொலைநோக்கியைக் காட்டியபோது அவர்கள் பார்த்தது வானத்தை அல்ல, தூரத்தில் வரும் கப்பல்களை. அதன் கண்பக்க லென்ஸ் குழிலென்ஸ், அதனால் படம் நேராகவே தெரிந்தது. 1611இல் கெப்ளர் இரண்டு பக்கமும் குவிலென்ஸ் வைக்கும் அமைப்பை விளக்கினார். பார்வைப்புலம் பெரிதானது, படம் கவிழ்ந்தது. சனிக்கோளுக்கு மேல் எது கீழ் எது என்ற கவலை இல்லாததால் வானியல்காரர்கள் கவிழ்ந்த படத்தோடு சமாதானமாகிவிட்டார்கள். பறவைக்காரர்கள்தான் இன்னும் ஆகவில்லை.

பிப்ரவரி 12

கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: “தூரத்து மாடி தெளிவாகத் தெரிகிறது, மரங்கொத்தி மட்டும் கலங்கலாகவே இருக்கிறது. ஃபோகஸ் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டேன்.”

இதுதான் நிஜமான தொல்லை. தலைகீழைப் பற்றி ஆயிரம் பேர் பேசுவார்கள், இதைப் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள். பொருள் கிட்டே வர வர, குவியம் பின்னால் தள்ளிப்போகும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: குவியத் தூரத்தின் வர்க்கத்தை, பொருளின் தூரத்திலிருந்து குவியத் தூரத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். உங்கள் 400 மி.மீ. குழாய்க்கு 20 மீட்டரில் சுமார் 8 மி.மீ., 10 மீட்டரில் 17 மி.மீ., 5 மீட்டரில் 35 மி.மீ. நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்த இடத்திலிருந்து ஐபீஸை அவ்வளவு வெளியே இழுக்க வேண்டும்.

இதே கணக்கை 1000 மி.மீ. குவியத் தூரத்துக்குப் போடுங்கள். 50 மீட்டரில் 20 மி.மீ., 20 மீட்டரில் 53 மி.மீ., 10 மீட்டரில் 111 மி.மீ. ஐபீஸை முன்னும் பின்னும் நகர்த்தும் ஃபோகஸர்கள் பெரும்பாலும் அவ்வளவு நீளாது. “பெரிய தொலைநோக்கி வாங்கினேன், முற்றத்து அணில் தெரியவில்லை” என்று புலம்புகிறவர்கள் எல்லோருக்கும் நடந்தது இதுதான்.

வழி: ஐபீஸை டயகனலுக்குள் முழுக்க அழுத்தாமல் கொஞ்சம் வெளியே இழுத்துத் திருகை இறுக்கிப் பாருங்கள். தெளிவு வருகிறதென்றால் உங்களுக்குத் தேவை ஒரு நீட்டிப்புக் குழாய். லென்ஸ் எதுவும் இல்லாத வெறும் குழாய்தான். 35 மி.மீ. அளவுள்ள ஒன்று போதும்.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: ஜன்னலைத் திறந்துவிட்டுத்தானே பார்க்கிறீர்கள்? கண்ணாடி வழியாக 16 மடங்கில் ஒப்பேற்றலாம், 40இல் ஜன்னல் கண்ணாடியின் நெளிவு முழுவதும் பறவையின் மேல் ஏறிக்கொள்ளும். திறந்தாலும், உள்ளேயும் வெளியேயும் வெப்பம் வேறுபட்டால் ஜன்னலருகே காற்று கலந்து நடுங்கும். கொஞ்ச நேரம் திறந்தே விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள்.

பிப்ரவரி 13

நீட்டிப்புக் குழாய் வரும் வரை பொறுக்காமல் ஐபீஸை இழுத்துவைத்தே பார்த்துவிட்டாராம். தெரிந்ததாம். ஆண் பறவை சிறு சிராய்களை வாயில் கவ்வி வெளியே துப்புவதுவரை பார்த்திருக்கிறார். பைனாகுலரில் “ஏதோ செய்கிறது” என்று இருப்பது, தொலைநோக்கியில் “இதைச் செய்கிறது” என்று ஆகும். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அங்கேதான்.

பிப்ரவரி 15

நியூட்டோனியன், அதாவது லென்ஸுக்குப் பதில் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி, வைத்திருப்பவர்கள் ஏன் ஒதுக்கப்படுகிறார்கள் என்று ஒரு கோபமான கேள்வி. ஒதுக்கவில்லை. அதில் ஒரு அழகான வசதியே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை.

இரண்டு கண்ணாடிகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் அதில் இடவல மாற்றம் இல்லை, வெறும் சுழற்சிதான். எவ்வளவு சுழன்று தெரிகிறது என்பது உங்கள் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. குழாயை வளையங்களுக்குள் திருப்பி ஐபீஸ் மேலே வரும்படி செய்யுங்கள். இப்போது பறவைக்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து ஐபீஸுக்குள் பாருங்கள். படம் நேராக இருக்கும். மேல் மேலேயே, இடம் இடத்திலேயே. பிரிசம் வேண்டாம், செலவு இல்லை.

பார்க்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விநோதமாக இருக்கும். பறவைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு பறவை பார்க்கிற ஆள்.

பிப்ரவரி 15, இரவு

நியூட்டோனியனில் இன்னொன்று. பகலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்வையின் நடுவே ஒரு கரும்புள்ளி மிதக்கிறது, கண்ணாடி பழுதா என்று கேட்டிருக்கிறார். பழுதில்லை. அது இரண்டாவது கண்ணாடியின் நிழல். இரவில் கண்மணி விரிந்திருக்கும்போது தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றை 6 மி.மீ. அகலமும் அதன் நடு நிழல் ஒன்றரை மி.மீ. அகலமும் என்றால், அந்த நிழல் கண்மணியில் கணிசமான பகுதியை அடைத்துக்கொள்கிறது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் மறையும்.

அல்லது தொலைநோக்கியின் முன்மூடியைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஓரமாக ஒரு குட்டி மூடி இருக்கும். பெரிய மூடியை மாட்டிவிட்டுக் குட்டி மூடியை மட்டும் கழற்றுங்கள். ஒளி ஓரமாக நுழைவதால் நடுக்கண்ணாடி வழியில் வராது, கரும்புள்ளி போய்விடும். பகலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமா என்ன.

பிப்ரவரி 17

அந்தக் குட்டி மூடி லென்ஸ் தொலைநோக்கிக்கும் உதவும், வேறு காரணத்துக்காக. 400 மி.மீ. குவியத் தூரத்தில் 80 மி.மீ. விட்டம் என்றால் எஃப்/5, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு. சாதாரண இரட்டை லென்ஸில் எஃப்/5 என்றால் வெளுத்த வானத்தின் முன் நிற்கும் காகத்தைச் சுற்றி ஊதாக் கரை கட்டும். வெள்ளைக் கொக்குக்கும் கட்டும். விட்டத்தை 40 மி.மீ.க்குக் குறைத்தால் எஃப்/10 ஆகிவிடும், கரை வெகுவாக மங்கும்.

ஆனால் சும்மா கிடைப்பது எதுவுமில்லை. 80 மி.மீ. விட்டம் பிரித்துக் காட்டக்கூடிய கோணம் சுமார் 1.45 வில்நொடி (ஒரு பாகையில் 3600 வில்நொடி). 10 மீட்டரில் அது 0.07 மி.மீ. வண்ணத்துப்பூச்சி இறகின் செதில்கள் ஏறக்குறைய 0.1 மி.மீ. நீளம். அதாவது காற்று அசையாமல் இருந்தால் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சியின் இறகு வெறும் வண்ணமாக இல்லாமல் பொடிப்பொடியாகத் தெரியத் தொடங்கும். விட்டத்தைப் பாதியாக்கினால் இந்த நுணுக்கமும் பாதியாகும். கொக்குக்கு மூடியை மாட்டுங்கள், வண்ணத்துப்பூச்சிக்குக் கழற்றுங்கள்.

பிப்ரவரி 18

“என் தொலைநோக்கி 300 மடங்கு காட்டும், மயிலிறகை எண்ணலாமா?”

எண்ணலாம், காற்று அனுமதித்தால். அனுமதிக்காது.

தரை சூடேறியதும் அதன் மேல் காற்று கொதிக்கத் தொடங்கும். நூறு மீட்டருக்கு அப்பால் 60 மடங்கிலேயே பறவை நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். நல்ல நேரம் விடிந்து கொஞ்ச நேரம், அல்லது நாள் முழுக்க மேகம் மூடிய நாள். வானியலுக்கு வீணாகப் போகிற நாள் இதற்குத் திருவிழா. புல்வெளி, தார்ச்சாலை, கூரை இவற்றின் மேல் பார்வைக்கோடு போகாதபடி இடம் பார்த்து உட்காருங்கள். 20, 30 மீட்டர் தூரத்தில் இந்தத் தொல்லை வெகு குறைவு, அதனால்தான் பக்கத்து உயிர்கள் தூரத்து உயிர்களைவிட நல்ல விருந்து. ஆளுக்கு ஆள் மலைச்சரிவு, தூரத்து ஏரி என்று கேட்கிறீர்கள், எறும்புச் சாரியை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 18, பின்குறிப்பு

எறும்புச் சாரி என்று கிண்டலாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள் போல. கிண்டல் இல்லை. பத்து மீட்டர் தள்ளியிருந்து 40 மடங்கில் பார்த்தால் எறும்புகள் எதிரெதிரே வரும்போது நின்று உணர்கொம்பால் தட்டிக்கொள்வது தெளிவாகத் தெரியும். கைலென்ஸோடு குனிந்தால் நம் மூச்சு பட்டே சாரி கலையும். ஓணான், தும்பி, சிலந்தி எல்லாமே இந்த வகை. சிலந்தி நூல் கருவியின் பிரிதிறனைவிட மெல்லியது, இருந்தும் வெயில் பட்டு மின்னும்போது தெரியும்.

பிப்ரவரி 20

மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு, பற்றி நான் இதுவரை வாயே திறக்கவில்லை என்று ஒருவர் சரியாகச் சுட்டினார்.

மேல்கீழ், இடவலம் என்று அசைகிற சாதாரண முக்காலித் தலை இருந்தால் பேச்சே இல்லை. வானத்தின் சுழற்சியைத் தொடர அச்சைச் சாய்த்து வைத்த ஈக்குவடோரியல் மவுண்ட் இந்த வேலைக்குப் பாடாய்ப் படுத்தும். பறவை கிளையில் இரண்டு அடி நகர்ந்தால், நீங்கள் இரண்டு அச்சையும் சாய்வாகத் திருப்பிக்கொண்டிருக்கும்போது எதிர்எடை முழங்காலில் இடிக்கும். சில மவுண்ட்களில் அட்சரேகை அளவை 90 வரை ஏற்றலாம். ஏற்றினால் முனை அச்சு செங்குத்தாகிவிடும், பிறகு அது சாதாரண மவுண்ட் மாதிரியே நடந்துகொள்ளும்.

மோட்டார் வைத்தவர்களே, பின்தொடரும் வசதியை அணைத்துவிடுங்கள். அது வானம் சுற்றும் வேகத்தில், மணிக்கு 15 பாகை, நகர்ந்துகொண்டே இருக்கும். 40 மடங்கில் பார்வைப்புலம் ஒன்றேகால் பாகைதான். நடுவில் வைத்த ஆந்தை இரண்டரை நிமிடத்தில் விளிம்புக்குப் போய்விடும். “ஆந்தை மெதுவாக நழுவுகிறது, உடல்நிலை சரியில்லையோ” என்று ஒரு நண்பர் கவலைப்பட்டார். ஆந்தை நன்றாகத்தான் இருந்தது.

தரையில் வைக்கும் பெட்டி போன்ற மவுண்டில் உட்காரும் நியூட்டோனியனான டாப்சோனியனின் அசைவு நன்றாக இருக்கும், ஆனால் குழாய் படுக்கையாக இருக்கும்போது ஐபீஸ் இடுப்புக்கும் கீழே வந்துவிடும். உறுதியான மேசை மேல் வைக்கலாம். மேசை ஆடினால் எல்லாம் ஆடும்.

பிப்ரவரி 21

ஃபைண்டர், அதாவது குறிபார்க்கக் குழாயின் மேல் மாட்டியிருக்கும் சின்னக் கருவி. இது வானத்துக்குச் சரிசெய்யப்பட்டது, கிட்டே வரும்போது தப்பும். ஃபைண்டரும் குழாயும் பத்து செ.மீ. தள்ளி இருக்கின்றன. நட்சத்திரத்துக்கு அந்த இடைவெளி ஒன்றுமேயில்லை. 15 மீட்டரில் 40 மடங்கில் நீங்கள் பார்ப்பது மொத்தமே 33 செ.மீ. அகல வட்டம், அதில் பத்து செ.மீ. விலகினால் பறவை விளிம்பில் தொங்கும். எந்தக் கிளையைப் பார்க்கப் போகிறீர்களோ அந்தத் தூரத்திலேயே ஃபைண்டரை மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள். சிவப்புப் புள்ளி ஃபைண்டர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. நான் குழாயின் மேல்விளிம்போடு கண்ணை ஓட்டித்தான் குறிபார்க்கிறேன், 16 மடங்குக்கு அதுவே போதும்.

பிப்ரவரி 21, தனியாக

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் திட்டுவார்கள், திட்டட்டும், இதோ. பறக்கிற பறவையைத் தொடர்ந்து குழாயைத் திருப்பாதீர்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் சூரியன் மேல் போய் நிற்கும். கணத்தில் கண் போய்விடும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். பறவைக்கும் அப்போதுதான் நல்ல வெளிச்சம் விழும். டீ குடிக்க எழுந்தால் மூடியைப் போட்டுவிட்டு எழுங்கள். திறந்து கிடக்கும் தொலைநோக்கிக்குள் வெயில் நேராக இறங்கினால் உள்ளே எதையாவது உருக்கிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பகல் நேரத்தில் அருகில் ஆளில்லாமல் விடவே கூடாது.

பிப்ரவரி 24

“இடவலம் மாறினால் என்ன” என்று பத்தாம் தேதி எழுதியதற்கு ஒரு வாசகர் நல்ல அடி கொடுத்திருக்கிறார். பறவை ஆய்வாளர்கள் கால்களில் வண்ண வளையம் மாட்டுகிறார்கள். எந்த நிறம் இடது காலில், எந்த நிறம் வலது காலில் என்பதுதான் அந்தப் பறவையின் அடையாளம். கண்ணாடி டயகனலில் பார்த்து எழுதினால் வேறொரு பறவையின் அடையாளத்தை அனுப்பியவர்களாவோம். எழுத்து பொறித்த வளையம் என்றால் எழுத்தே திரும்பியிருந்து காட்டிக்கொடுத்துவிடும், வெறும் நிறம் என்றால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. ஆக, மரங்கொத்திக்கு என்ன என்று கேட்டது செல்லும். வளையம் படிப்பவர்கள் மட்டும் அமிசி பிரிசம் போடுங்கள், அல்லது குறிப்பேட்டில் “இடவலம் மாறிய படம்” என்று எழுதி வையுங்கள்.

பிப்ரவரி 25

அப்படியானால் ஸ்பாட்டிங் ஸ்கோப் எதற்கு?

நடப்பவர்களுக்கு. மழையில் நிற்பவர்களுக்கு. நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடியிருப்பார்கள், தூசியும் ஈரமும் போகாது. படம் நேராக வரும், பொதுவாக 20 முதல் 60 மடங்கு, தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். நம் கருவி மூடாத குழாய். பூந்தோட்டத்தின் மகரந்தம் முழுக்க அதன் லென்ஸில்தான் உட்காரும்.

பதிலுக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் ஐபீஸைப் பெரும்பாலும் விருப்பம்போல் மாற்ற முடியாது, விட்டமும் பெரும்பாலும் 60, 80 என்று நின்றுவிடும். ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே பொந்தை, ஒரே கிளையை, ஒரே குட்டைக்கரையைப் பார்க்கிறவருக்கு வானியல் தொலைநோக்கி ஒரு படி மேலேகூட நிற்கும். என் அபிப்பிராயம் இதுதான்: உயிரினத்தைத் தேடிப் போகாதீர்கள். அது திரும்பத் திரும்ப வரும் இடத்தில் கருவியை நிறுத்தி, ஃபோகஸ் வைத்து, காத்திருங்கள். மீன்கொத்திக்குப் பிடித்த ஒரு கொம்பு இருக்கும். பறவையைவிட அந்தக் கொம்பைக் கண்டுபிடிப்பது முக்கியம். தேடுவதற்குப் பைனாகுலர் கழுத்தில் தொங்கட்டும்.

பிப்ரவரி 26

கம்பிவலை வேலி குறுக்கே இருப்பவருக்கு: பிரச்சினையில்லை. வேலி குழாய்க்கு மிக அருகிலும் பறவை தூரத்திலும் இருந்தால் வலை முழுவதும் கலைந்து காணாமல் போகும், படம் சற்று மங்கும், அவ்வளவே. விட்டம் பெரிதானால் இன்னும் நல்லது. குட்டி மூடியை இங்கே மாட்டாதீர்கள்.

எதிர்வீட்டு ஜன்னல் பார்வைக்கோட்டில் வருபவருக்கு: கொம்பை மாற்றுங்கள், அல்லது போய்ச் சொல்லிவிட்டு ஒரு முறை அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். மரங்கொத்தியைப் பார்க்கிறேன் என்று பிறகு விளக்கினால் யாரும் நம்புவதில்லை.

மார்ச் 2

படம் எடுப்பது. கைபேசியை ஐபீஸில் வைத்து எடுப்பதற்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். 1999இல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ சின்ன டிஜிட்டல் கேமராவை ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் ஐபீஸில் வைத்து எடுத்த படங்களிலிருந்துதான் இது பரவியது. கையால் பிடிக்காதீர்கள், கவ்வி வாங்குங்கள். நீளமான குவியத் தூரம் உள்ள ஐபீஸ், கண் விலக்கம் (கண்ணைத் தள்ளி வைத்தும் முழுப் படம் தெரியும் தூரம்) அதிகமுள்ளது, எளிதாக ஒத்துவரும். பொத்தானை அழுத்தினாலே குழாய் ஆடும், அதனால் தாமத நேரம் வைத்து எடுங்கள், அல்லது வீடியோ எடுத்து நல்ல சட்டத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5

“பகல் போதும், இரவில் ஏதாவது உயிர் தெரியுமா?”

தெரியும். முழுநிலாவின் முகத்தைக் குறுக்கே கடந்து போகும் வலசைப் பறவைகள். இது பொழுதுபோக்கு மட்டுமல்ல, ஒரு காலத்தில் முறையான ஆய்வே இதுதான். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லோவரி 1940களில் சின்னத் தொலைநோக்கிகளால் நிலாவைக் கடக்கும் பறவைகளை எண்ணி, இரவு வலசையின் அடர்த்தியைக் கணக்கிட்டார். 1952 அக்டோபரில் ஏராளமான தன்னார்வலர்கள் பல இடங்களிலிருந்து ஒரே நாட்களில் நிலாவைப் பார்த்து எண்ணினார்கள். நிலாவைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு, ஐந்து மணியில் நுழைந்தது, பத்து மணியில் வெளியேறியது என்று குறிப்பார்கள். அதிலிருந்து பறந்த திசை கிடைக்கும்.

இங்கேயும் இடவலம் மாறினால் திசை கெட்டுவிடும், 24ஆம் தேதி எழுதியதை ஒருமுறை பாருங்கள்.

உங்கள் 80 மி.மீ. குழாயில் 16 மி.மீ. ஐபீஸ் போட்டால் 25 மடங்கு. நிலா முழுதாக உள்ளே இருக்கும். நிலாவின் அகலம் அரைப் பாகை, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அது 9 மீட்டர் அகல ஜன்னல்தான், ஆகவே ஒரு பறவை கடக்கும் நேரம் மிகக் குறைவு. கண் சிமிட்டினால் போச்சு. நிலாவுக்கு ஃபோகஸ் வைத்திருக்கும்போது ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும் பறவை கூர்மையான கரிய உருவமாகத் தெரியும். பெரிதாக, கலங்கலாக ஏதாவது கடந்தால் அது முன்னால் போகும் பூச்சியோ வௌவாலோ. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மார்ச் 6

வலசைக் காலமும் முழுநிலாவும் சேரும் இரவுகள் குறைவு, அதனால் முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முழுநிலாவுக்கு ஓரிரு நாள் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. நிலா தாழ்வாக இருக்கும்போது பார்வைக்கோடு வலசை அடுக்கை நீண்ட தூரம் கடப்பதால் எண்ணிக்கை கூடும், ஆனால் பறவைகள் தூரத்தில் இருப்பதால் சின்னதாகத் தெரியும். நாற்காலி போட்டு உட்காருங்கள், நின்றுகொண்டு எண்ண முடியாது.

மார்ச் 14

மரங்கொத்தியைப் பற்றிக் கேட்டிருந்தவருக்கு: குஞ்சுகள் பொந்து வாயில் தலை நீட்டத் தொடங்கிவிட்டன என்றால் கருவியை இன்னும் கிட்டே நகர்த்தத் தோன்றும், மரத்தடிக்கே போகத் தோன்றும். போகாதீர்கள். பெற்றோர் இரை கொண்டுவந்துவிட்டுப் பொந்துக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் தயங்கி நின்றால் நீங்கள் அதிகக் கிட்டே இருக்கிறீர்கள் என்று பொருள். பின்னால் போய் 10 மி.மீ. ஐபீஸ் போட்டுக்கொள்ளுங்கள். நீட்டிப்புக் குழாய் அப்போது தேவைப்படாமலும் போகலாம், கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.